கல் குடித்த எண்ணெய்

பன்னிரண்டு வருஷம் அரபு நாட்டுப் பாலைவனத்தில், நிலத்தடிச் சுண்ணாம்புக்கல்லுக்குள் எண்ணெய் எந்தப் பக்கம் நகரும் என்று கணித்துச் சொன்னவர் பஞ்சலிங்கம். தொண்ணூறில் லீவுக்குச் சொந்த ஊர் உரும்பிராய்க்கு வந்தார். சண்டை மூண்டு பாதை அடைபட்டதும் அக்கா பாலேஸ்வரி வீட்டிலேயே தங்கிவிட்டார்.

அடுத்த வருஷம் மண்ணெண்ணெய் கண்ணால் காணக் கிடையாத பொருளானது. அக்காவின் புருஷன் கனகசபாபதி அதைப் பதுக்கி விற்றார். வீட்டுப் பின்புறக் கோடியில் கிடங்கு வெட்டி, எண்ணெய் நிரப்பிய ஆறு இரும்புப் பரல்களை இறக்கி, கிடுகும் மண்ணும் போட்டு மூடியிருந்தார்.

மாசியில் பக்கத்துக் காணி இராசமலரின் கிணறு மண்ணெண்ணெய் மணத்தது. புருஷனை ஷெல்லடியில் பறிகொடுத்தவள். வெங்காயத் தோட்டத்தை நம்பி இரண்டு பெண் பிள்ளைகளை வளர்த்துவந்தாள். வாளித் தண்ணீரின் மேல் எண்ணெய் பளபளத்தது. சனம் போத்தலும் சிரட்டையுமாக ஓடி வந்து வழித்தெடுத்தது. அம்மன் கண் திறந்தாள் என்றும் சிலர் சொன்னார்கள்.

பஞ்சலிங்கம் கோடிக்குப் போய்க் கிடுகை விலக்கினார். இரண்டு பரல்கள் அடியில் துருப்பிடித்து, வெறுமையாகக் கிடந்தன. கீழே ஈரம்கூட இல்லை. அவ்வளவையும் கல் குடித்துவிட்டது.

மத்தியானம் சாப்பாட்டில் இருந்தபோது சொன்னார்: "அத்தான், எங்கடை பரல்தான் ஒழுகியிருக்கு. இராசமலர் எங்களிட்டை வாங்கிற எண்ணெயிலை ஒவ்வொரு நாளும் மிசின் போட்டு இறைக்கிறா. இறைக்கிற பக்கம்தான் எண்ணெய் இழுபடும். அவவை நிப்பாட்டச் சொல்லிப்போட்டு நாங்கள் இறைச்சால் இஞ்சாலை திரும்பும்."

"திரும்பினால் எங்கடை கிணறு?"

"பழுதாகும்."

"பிறகேன் கதைக்கிறாய்? பேசாமல் இரு. உவளுக்கும் சும்மா எண்ணெய் கிடைக்குதுதானே."

அக்கா சோறு போட்டுக்கொண்டு நின்றாள். தலை நிமிரவில்லை. பஞ்சலிங்கம் அந்தச் சோற்றைச் சாப்பிட்டார். மூன்று கிழமை யாரிடமும் எதுவும் சொல்லாமல் சாப்பிட்டார்.

அதற்குள் வெங்காயத் தாள் மஞ்சளித்துச் சாய்ந்தது. மிதந்த எண்ணெய் தீர்ந்தது, நாற்றம் தீரவில்லை. சனம் அந்தப் பக்கம் வருவதை விட்டது. இராசமலரின் பிள்ளைகள் குடங்களோடு கோயில் கிணற்றுக்கு நடந்தார்கள். சின்னவள் இடுப்பில் குடம் நிற்காமல் நழுவுவதை ஒருநாள் காலையில் கண்டபோது பஞ்சலிங்கத்துக்கு மனம் கேட்கவில்லை.

அத்தான் அப்போது பருத்தித்துறைக்குப் போயிருந்தார். பஞ்சலிங்கம் இராசமலரிடம் போய், பரல் ஒழுகியதைச் சொல்லி, அவளுடைய மிசினை நிறுத்தும்படியும் தான் இந்தப் பக்கம் இறைப்பதாகவும் சொன்னார். அவள் முகம் மாறாமல் கேட்டாள். "இறைச்சுப் பாருங்கோ" என்றாள், அவ்வளவுதான்.

மிஞ்சிய பரல்களில் இருந்தே எண்ணெய் எடுத்து, அக்கா வீட்டுக் கிணற்றில் மிசினை முடுக்கினார். கிணறு ஊத்தையாகக் கிடக்கிறது, கலக்கி இறைக்கிறேன் என்று அக்காவுக்குப் பொய் சொன்னார். மூன்றாம் நாள் பின்னேரம் அக்கா ஒரு வாளி அள்ளி முகர்ந்தாள். மண்ணெண்ணெய் மணத்தது.

"உனக்குத் தஞ்சம் தந்த வீட்டுக்கு நல்லாச் செய்துபோட்டாய்" என்றாள் அடங்கிய குரலில். அவருடைய பெட்டியைக் கொண்டுபோய் வாசல் படலைக்கு வெளியே வைத்தாள்.

அங்கிருந்து நேரே இராசமலரின் கிணற்றடிக்குப் போனார். அவள் அள்ளிக் காட்டினாள். அதே நாற்றம்.

"இன்னும் எத்தினை நாள் இறைச்சால் போகும்?"

"போகாது, இராசமலர். கல்லிலை உள்ள துளையளுக்குள்ளை ஒரு பங்கு ஒட்டிக்கொண்டு நிண்டிடும். மழைக்கு மழை கசியும். முதல் நாளே எங்கடை பக்கம் இறைச்சிருந்தால் இவ்வளவு தூரம் வந்திராது."

"உது உங்களுக்கு அண்டைக்கே தெரியுமோ?"

"ஓம்."

அவள் வாளியைக் கவிழ்த்து வைத்தாள். "நீங்கள் வேலை செய்த இடத்திலை உப்பிடி நிண்டால் என்ன செய்வியள்?"

"விட்டிட்டு வேறை இடத்திலை துளைப்பம்."

"எனக்கு இந்த நாலு பரப்புக் காணிதான் இருக்கு, அண்ணை."

சித்திரை பிறக்குமுன் அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புத்தூருக்குப் போய், பிறத்தியார் தோட்டங்களில் கூலிக்குப் புல்லுப் பிடுங்கினாள். பஞ்சலிங்கம் கோயில் மடத்தில் படுத்தெழும்பினார்.

வைகாசியில் கனகசபாபதி காணியின் தெற்கு மூலையில் புதுக்கிணறு வெட்டினார். பளிங்குபோல நல்ல தண்ணீர் ஊறியது. எண்ணெய் எட்டாத இடம் எது என்று பார்த்துச் சொல்லும்படி அக்கா மடத்துக்கு ஆள் அனுப்பியிருந்தாள். பஞ்சலிங்கம் போய்க் காட்டிக் கொடுத்திருந்தார்.