பதினாறரை முழ வண்டி

பூமாலை பிறந்த அன்று காலையில் மாயவனின் பிக்கப் வண்டி ஒரு முழம் நீண்டிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழாம் வருடம், கார்த்திகை மாதம், கரியாலூருக்கு மேலே மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பதினோரு வீட்டு ஊரில் அன்று தூறல். முதல் நாள் சாயங்காலம் பலாமரத்துக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்க வழி இருந்தது. விடிந்ததும் வண்டியின் பின்கதவு மரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. கைப்பிரேக் நழுவியிருக்கும் என்று நினைத்த மாயவன், முன்சக்கரத்தின் அடியில் வைத்த கல் வைத்தபடியே இருப்பதைப் பார்த்துவிட்டு முழம் போட்டான். கள்ளக்குறிச்சியில் பழைய வண்டியாக வாங்கியபோது ஒன்பது முழம். இப்போது பத்து. ஒட்டுப் போட்ட தடமே இல்லை. அதே வெளிறிய நீலம், அதே துரு. உள்ளே போய்ப் பிள்ளை பெற்றுக் கிடந்த இருசம்மாளிடம் சொன்னான். அவள் குழந்தையின் விரல்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே, ஆள் கூடினால் இடமும் கூடத்தானே வேணும் என்றாள்.

அதற்குப் பிறகு கணக்கு எல்லோருக்கும் பழகிவிட்டது. பிள்ளைக்கு ஒரு முழம், நாய்க்கு ஒரு சாண். தெய்வசிகாமணி பிறந்தபோது ஒரு முழம், அவனுக்கு அடுத்து வந்த இரண்டு பெண்களுக்கு ஆளுக்கொரு முழம். மரவள்ளிக் காட்டில் பன்றி புகாமல் காவல் காக்க வந்த நாய் சிட்டுக்கு ஒரு சாண், ராசாவுக்கு ஒரு சாண், அந்த இரண்டுக்கும் பிறந்து யாரும் கேட்காமல் வீட்டிலேயே தங்கிவிட்ட இரண்டு குட்டிகளுக்கு இரண்டு சாண். தகுதிச் சான்று வாங்க வண்டியைக் கள்ளக்குறிச்சிக்கு ஓட்டிப் போனால் அங்கே பிடிக்கும் டேப்பும் வண்டியோடு சேர்ந்து நீண்டுகொண்டது. வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருந்த அளவுதான் அதில் வந்தது. முழங்கை வைத்து அளந்தால் மட்டும் உண்மை தெரிந்தது.

சனிக்கிழமை தோறும் கிழங்கு லோடு சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக்கு இறங்கும். வீடே கிளம்பும், ஏனென்றால் இறக்கக் கை வேண்டும். நாய்களை விட்டுவிட்டுப் போனால் அவை கரியாலூர் வரை பின்னாலேயே ஓடிவந்து, அங்கத்து நாய்களிடம் கடிபட்டுத் திரும்பும். அதனால் நாய்களும் ஏறின. வண்டிக்குள் ஒவ்வொருவருக்கும் இடம் தானாக அமைந்தது. முன்சீட்டில் மாயவனும் கைக்குழந்தையோடு இருசம்மாளும். கேபினுக்குப் பின்னால், பழைய இரும்புக்கடையில் வாங்கி முடுக்கிய பஸ் சீட்டில் பிள்ளைகள். குறுக்குக் கம்பியில் தூளி. நடுவில் கிழங்கு. கடைசியில், நனைத்துப் பரப்பிய சாக்கின் மேல் நாய்கள். வளைவுகளில் ராசாவுக்கு வாந்தி வரும். அதன் மூக்கருகே எலுமிச்சம்பழத்தைக் கீறிப் பிடிப்பது பூமாலையின் வேலை. அதற்காகவே அவள் பஸ் சீட்டில் உட்காராமல் இடதுபக்கப் பின்மூலையில் நின்று வருவாள். இத்தனை வருடத்தில் அந்த மூலையின் கம்பி அவள் பிடித்துப் பிடித்து வழவழவென்று ஆகியிருந்தது. இருசம்மாள் முன்சீட்டில் இருந்தபடி பக்கக் கண்ணாடியில் மகளின் பறக்கும் தலைமுடியை மட்டும் பார்த்துக்கொண்டே மலை இறங்குவாள். தன் வாழ்க்கையில் எதுவும் குறைவில்லை என்று அவளுக்குத் தோன்றிய நேரங்கள் எல்லாம் அந்தக் கண்ணாடிக்குள்தான் இருந்தன. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக்கூடிய விஷயம் என்று அவளுக்குத் தெரியாது.

ஊருக்கும் கரியாலூருக்கும் நடுவில் மூக்குப்பாறை வளைவு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பதினைந்து முழ வண்டி வரைக்கும் அதில் திரும்பும், பாறையை உரசிக்கொண்டு. நான்கு பிள்ளைகளும் நான்கு நாய்களுமாக வண்டி சரியாகப் பதினைந்தில் நின்றிருந்தது. இரண்டாயிரத்துப் பதினாறு தை மாதம், சங்கராபுரம் சந்தையில் யாரோ அட்டைப்பெட்டியில் விட்டுப் போயிருந்த ஒரு பெட்டை நாய்க்குட்டியைத் தெய்வசிகாமணி சட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்தான். குள்ளச்சி என்று பெயர் வைத்தார்கள். மறுநாள் வண்டி பதினைந்தரை. மூக்குப்பாறையில் முன்னால் பாறை இடித்தது, பின்சக்கரம் பள்ளத்தைத் தேடியது. மாயவன் வண்டியை ரிவர்ஸிலேயே ஊருக்கு எடுத்து வந்து பலாமரத்தடியில் நிறுத்தினான்.

அன்றிலிருந்து கிழங்கு தலைச்சுமையாக இறங்கியது. பிடுங்கிய மரவள்ளி காத்திருக்காது. இரண்டு நாள் போனால் உள்ளே கறுத்துவிடும். மூன்று கிலோமீட்டர் சுமந்து, கரியாலூரில் வேறு வண்டிக்குக் காத்து, ஆலைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி கறுத்தது. இப்படியே போனால் காட்டை விட்டுவிட்டுக் கீழே கரும்பு வெட்டப் போக வேண்டியதுதான் என்று மாயவன் ஒருமுறை சொன்னான். பக்கத்து வீட்டுச் சின்னதுரை, குட்டியைச் சந்தையிலேயே கொண்டுபோய் விடு, ஒரு சாண் குறைந்தால் போதும் என்றான். மாயவன் குட்டியைப் பையில் போட்டுக்கொண்டு போனான். மூக்குப்பாறை வரைக்கும் போய்விட்டு அதைத் தோள் துண்டில் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தான். குளிர்கிறது போல இருக்கிறது, நடுங்குகிறது என்றான். அப்போதுதான் சின்னதுரை அடுத்த யோசனையைச் சொன்னான். பூமாலைக்கு வயது வந்துவிட்டது. கட்டிக்கொடுத்த பெண் அடுத்த வீட்டுத் தலைக்கட்டில் சேர்ந்துவிடுவாள். கோயில் வரிக்கே அவளைக் கணக்கில் எடுப்பதில்லை. வண்டி மட்டும் எடுக்குமா? ஒரு முழம் குறையும்.

யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த தையில் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்த கல்யாணம் வைகாசிக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை வெளியாள் இல்லை. மாயவனின் அக்கா ஆயம்மாள் கரும்பு வெட்டப் போய் நைனார்பாளையத்திலேயே தங்கிவிட்டவள். அவள் மகன் பழனியைத்தான் பூமாலைக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லி வைத்திருந்தார்கள். பூமாலைக்கும் பிடிக்காமல் இல்லை. ஆனால் தேதி முன்னால் வந்ததன் காரணம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கிழங்குத் தோலை உரித்துக்கொண்டிருந்த தாயின் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"வண்டிக்கோசரமாம்மா என்னைத் தள்ளி வுடற?"

இருசம்மாள் தோலை உரித்தாள்.

"நாய வுட மனசு வரல உங்களுக்கு. பொண்ண அனுப்ப மட்டும் வந்துச்சு."

"என்னிக்கி இருந்தாலும் போற புள்ளதான நீ."

"அதான் கேக்கறேன். போனா அளவுல கம்மி ஆயிடுவனா?"

அன்றைக்கும் அதற்கடுத்த நாட்களிலும் இருசம்மாள் அந்தக் கேள்வியைச் சுமையோடு சேர்த்துத் தலையில் வைத்து நடந்தாள். நாயை விட முடியாததற்குக் காரணம் இருந்தது. நாய் போகப் பிறந்ததில்லை. பெண்ணைப் போகப் பிறந்தவள் என்று முதல் நாளிலிருந்தே நினைத்து வளர்த்ததால் அவளை அனுப்புவது வலிக்காது என்று எல்லோரும் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். தன்னையும் அப்படித்தான் அனுப்பினார்கள். தன் அம்மா வீட்டில் தன் அளவுக்கு எது குறைந்தது என்று அவள் முதல் முறையாக யோசித்தாள். எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. யாரும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள் என்றும் தோன்றியது.

கரியாலூர் கோயிலில் தாலி கட்டினார்கள். பெண் அன்றைக்கே நைனார்பாளையம் போய்விட்டாள். ஒரு முழம் குறைந்துவிடும் என்ற நம்பிக்கையில் மாயவன் ஆள் விட்டு அரை ஏக்கர் கிழங்கை முன்கூட்டியே பிடுங்கிப் போட்டிருந்தான். மறுநாள், சனிக்கிழமை, இருசம்மாள் பால் கறப்பதற்கு முன்பே பலாமரத்தடிக்குப் போனாள். வண்டியின் முன்மூக்கில் முழங்கையை வைத்தாள். குறைந்திருந்தால் கிழங்கு தப்பும், காடு தப்பும், பூமாலை தன்னுடையவள் இல்லை என்று ஆகிவிடும். குறையாவிட்டால் குவித்துப் போட்ட அத்தனையும் கறுக்கும். ஏழாவது முழத்தில் தான் எதையோ வேண்டிக்கொண்டிருப்பதை உணர்ந்தாள். எதை வேண்டுகிறோம் என்று தெரியாததால் பாதியில் நிறுத்திக்கொண்டாள். பதினைந்து ஆயிற்று. பதினைந்தரை ஆயிற்று. முழங்கைக்கு முன்னால் இன்னும் வண்டி இருந்தது. பதினாறரை.

அவள் பின்மூலைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குள்ளச்சி வந்து அவள் கையை நக்கியது. காடு போகப்போகிறது என்று தெரிந்தும் உடம்பு முழுக்க ஒரு நிம்மதி பரவியது. அந்த நிம்மதியை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது, வெட்கத்தோடேயே கொஞ்ச நேரம் அதை அனுபவித்தாள். மாயவன் வந்து தானும் ஒருமுறை அளந்தான். முகம் மாறவில்லை.

"மாப்ளைக்கு ஒரு முழம்," என்றான். பிறகு, "லோடு ஏத்துங்க," என்றான்.

மூக்குப்பாறையில் வண்டியின் முகம் பாறையில் முட்டி நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். பின்பக்கத்தைத் தூக்கி நகர்த்துவதைத் தவிர வழியில்லை என்றான் மாயவன். அவன் ஸ்டீயரிங்கில் இருந்தான். வலதுபக்கம் தெய்வசிகாமணியும் கைகொடுக்கக் கூட வந்திருந்த சின்னதுரையும், நடுவில் இருசம்மாளும் இரண்டு பெண்களும். தார்ப்பாய்க் கயிற்றை ஐந்து நாய்களும் பல்லில் கவ்வி மேட்டுப்பக்கம் இழுத்தன. இடதுபக்கப் பின்மூலை பள்ளத்தின் மேல் அந்தரத்தில் நின்றது. அங்கே பிடிக்க ஆளில்லை, ஆள் இருந்தாலும் கால் வைக்கத் தரையில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று தூக்கினார்கள். வலது பக்கம் எழுந்தது. இடது மூலையும் அதே மட்டத்துக்குத் தானாக எழுந்தது, கிழங்கு பாரம் முழுவதையும் ஏந்திக்கொண்டு, ஒரு பக்கமும் சாயாமல். நான்கு எட்டு நகர்ந்து, மெதுவாக ரோட்டில் இறங்கியது. வண்டி திரும்பிவிட்டது. சின்னதுரை கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, மணி பத்தரை, உச்சி வெயிலுக்கு முன்னால் கீழே போய்ச் சேருங்கள் என்றான்.

அதே பத்தரைக்கு நைனார்பாளையத்தில் மாட்டுத்தொட்டியில் கழுநீர் ஊற்றிக்கொண்டிருந்த பூமாலை பக்கெட்டைக் கீழே வைத்தாள். குனிந்து, கண்ணுக்குத் தெரியாத ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து இடுப்பு உயரத்துக்குத் தூக்கினாள். பக்கவாட்டில் நான்கு எட்டு நடந்தாள். மெதுவாக இறக்கினாள். உள்ளங்கை இரண்டிலும் துரு ஒட்டியிருந்தது. வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த ஆயம்மாள் இதையெல்லாம் பார்த்துவிட்டு, கையைக் கழுவிவிட்டு வந்து சாப்பிடச் சொன்னாள்.

ஆடிக்கு மகளை அழைக்கப் போன இருசம்மாள் அவள் கையைப் பிடித்தபோது தன் கையில் இருப்பதைப் போலவே காய்ப்பு இருப்பதைத் தடவிப் பார்த்தாள். வைகாசியில் சொல்லாமல் விட்ட பதிலைச் சொல்லலாம் என்று அவள் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். அதற்குள் பூமாலையே பேசினாள்.

"எறக்கும்போது கொஞ்சம் சேர்ந்தாப்புல எறக்கச் சொல்லும்மா. தம்பி அவுசரப்படுறான், எனக்கு இடுப்பு புடிச்சிக்குது."

"சொல்றேன்," என்றாள் இருசம்மாள். அதுவே போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு வருடங்கள் சனிக்கிழமை சனிக்கிழமையாகப் போயின. பூமாலை முழுகாமல் இருந்த மாதங்களில் பழனியின் கைகளில் துரு ஒட்டியது. பேரன் பிறந்தான், வண்டி பதினேழரை. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான வருடம் தெய்வசிகாமணிக்குக் கல்யாணம், பதினெட்டரை. நீளம் கூடியதைப் போலவே தூக்கும் கைகளும் கூடியதால் பாரம் யாருக்கும் தெரியவில்லை. மூக்குப்பாறையில் எதிரே வரும் ஜீப்புகள் ஓரமாக நின்று, வண்டி திரும்பும் வரை பீடி குடித்தன. நைனார்பாளையத்திலும் அது பழகிவிட்டது. நடவுக்கு ஆள் கூப்பிட வந்த பக்கத்துக் காட்டுக்காரம்மா ஒருமுறை, உன் மருமகளையும் சனிக்கிழமை காலையிலேயே அனுப்பு என்று கேட்டபோது, ஆயம்மாள் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"பத்தரைக்கு மேல வரும்மா அது. அதுக்கு முன்ன கூப்புடாதீங்க, வண்டி திருப்பிக்கினு இருக்கும்."