தீமுக்குப் பொருந்தியவர்

ஏரிக்கரையில் அந்த ஓட்டலைக் கட்டி முடித்ததும் வாசலில் பெரிதாக ஒரு பலகை வைத்தார்கள். 'இயற்கைக்குத் திரும்புங்கள்.' இயற்கை அதுவரை அங்கேதான் இருந்தது. ஓட்டலுக்கு இடம் வேண்டும் என்று அதை வெட்டி லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, பிறகு மரியாதையாகத் திரும்ப அழைத்தார்கள்.

ஓட்டலின் தீம் 'பழங்காலக் கூடாரம்'. வெளியே இருந்து பார்த்தால் வரிசையாகக் கித்தான் கூடாரங்கள். உள்ளே போனால் கான்கிரீட் சுவர், ஏசி, ஆள் நீந்துகிற அளவுக்குக் குளியல் தொட்டி. முற்றத்தில் பகலிலும் அணையாத ஒரு நெருப்பு; ஆரஞ்சுத் துணியை அடியிலிருந்து ஒரு மின்விசிறி ஊதிக்கொண்டிருக்கும், கிட்டே போய்க் கையை நீட்டினால் ஜில்லென்று இருக்கும். லிப்டுக்குள் சில்வண்டுச் சத்தம். வேலிக்கு இந்தப் பக்கம் அசல் சில்வண்டுகள் சம்பளம் வாங்காமல் கத்திக்கொண்டிருந்தன. கூட்டவும் குறைக்கவும் அவற்றில் பொத்தான் இல்லாததால் அவை தேர்வாகவில்லை.

இந்தப் பக்கம் இருந்தது கேப்டனின் முகாம். கேப்டன் என்றால் எந்தக் கப்பலுக்கும் இல்லை. அவரிடம் இருந்த ஒரே துடுப்புப் படகு ஒருநாள் நடு ஏரியில் கவிழ்ந்தது. தலைக்கு மேலே தொப்பியைத் தூக்கிப் பிடித்தபடி ஒற்றைக் கையால் நீந்தி வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து அவர் கேப்டன். அவர் மனைவி கேப்டனம்மா.

ஆரம்ப காலத்தில் முகாமிலும் கித்தான் கூடாரங்கள்தான். மழையில் நனைந்தால் கித்தான் யானைக் கனம் கனக்கும், பூஞ்சை பிடிக்கும், நாறும். கேப்டனம்மாதான் ஒவ்வொன்றாக மாற்றினாள். நைலான் கூடாரங்கள் வந்தன, மேலே கட்ட நீலத் தார்ப்பாய் வந்தது, பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன, வரிசையாகச் சிமென்ட் குளியலறைகள் வந்தன. காட்டில் தங்க ஆசைப்பட்டு வருகிறவர்கள் வண்டியை விட்டு இறங்கியதும் கேட்கிற முதல் கேள்வி, "சார்ஜர் எங்க போடறது?" என்பதுதான். அவர்களுக்கு அவள் பிளக் பாயின்ட் வைத்தாள். அப்படித்தான் முகாம் பிழைத்தது.

கேப்டனுக்கு மறதி வந்தபோது அது பின்பக்கமிருந்து தின்றுகொண்டு வந்தது. முதலில் நேற்று காணாமல் போனது. அப்புறம் போன வருஷம். அப்புறம் குளியலறை கட்டிய வருஷம். கடைசியில் அவரிடம் மிஞ்சியது முகாம் தொடங்கிய காலம் மட்டும்தான். அதில் அவர் தெளிவாக, சந்தோஷமாகக்கூட இருந்தார். கண்ணைத் திறந்து சுற்றிப் பார்க்கும்போதுதான் சிக்கல். நீலத் தார்ப்பாயையும் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் பார்ப்பார், ஊர் மாறி இறங்கிவிட்ட பயணியைப் போல முழிப்பார்.

"நம்ம இடத்துக்கு எப்போ போறோம்?" என்பார்.

"இதுதாங்க நம்ம இடம்."

"சும்மா சொல்லாத."

ஓட்டலின் தீம் ஆலோசகர் முதன்முதலாக வந்தது கட்டட வேலை ஆரம்பிப்பதற்கு முன்னால். கழுத்தில் மப்ளர், கையில் கேமரா. "அம்மா, உங்க இடத்தோட ஆன்மா எனக்கு வேணும்" என்றார். கேப்டனின் தம்பி, முகாமின் சமையல்காரன், கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்து, "அண்ணி, ஆன்மா இன்னிக்குக் காலி, டீதான் இருக்குன்னு சொல்லுங்க" என்றான்.

ஆனால் கேப்டனம்மாவுக்குப் பேச ஆள் கிடைத்த சந்தோஷம். பழைய முகாம் எப்படி இருந்தது, கயிறு என்ன நிறம், கூடாரங்களை ஏரியைப் பார்த்து ஏன் அரைவட்டமாக அடித்தார்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். பழைய புகைப்படங்களைக் காட்டினாள். கொட்டகையில் கிடந்த சாமான்களையும் தூக்கிக் கொடுத்தாள்: கிழிந்த கித்தான்கள், துரு ஏறிய விளக்குகள், கவிழ்ந்த படகின் பலகைகளால் கேப்டன் தன் கையாலேயே செய்த வரவேற்பு மேசை. அடைசல் ஒழிந்தது என்று அன்றைக்கு நிம்மதியாக இருந்தது. தன் புருஷனுக்கு ஞாபகம் இருக்கிற ஒரே இடத்தைத்தான் பக்கத்து மனைக்காரனுக்குத் தூக்கிக் கொடுக்கிறோம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

ஓட்டல் திறந்த சில வாரங்களில் மேலாளரும் ஆலோசகரும் ஒரு புகாரோடு வந்தார்கள். கோட்டுப் போட்ட மேலாளர் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில், அது கடிக்கும் என்பதுபோல உட்கார்ந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்க முகாம் எங்க தீமுக்குப் பொருந்தல."

"எது பொருந்தல?"

"பொதுவா... முகாம்ங்கிற உணர்வே வரல" என்றார் ஆலோசகர். "நீலத் தார்ப்பாய். அப்புறம் கொடியில காயற துணி. எங்க விலை கூடின அறை ஜன்னலைத் திறந்தா நேரா ஒரு சிவப்பு ஜட்டி தெரியுது."

"அது என்னோடதுங்க" என்றான் கொழுந்தன். "வேணும்னா காக்கியில வாங்கிக்கறேன்."

"உங்க அடுப்புப் புகை வேற வருது. விருந்தாளிங்க இருமறாங்க."

"நெருப்பு எரிஞ்சா புகை வராம?"

"எங்களோடதுல வரலையே" என்றார் மேலாளர், உண்மையான பெருமையோடு.

அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்த கேப்டன் எழுந்து வந்தார். மேலாளரின் தோளில் கைவைத்து, "தம்பி, எந்தக் கூடாரத்துல இருக்கீங்க? முளையெல்லாம் நல்லா இறங்கியிருக்கா? காத்து வரும் போலிருக்கு" என்றார். மேலாளர் கேப்டனம்மாவைப் பார்த்தார். அவள் வேலியைப் பார்த்தாள்.

அதற்கு மறுநாள்தான் கேப்டன் முதன்முறையாக அங்கே போனார்.

அவள் துணி துவைத்துவிட்டு வந்து பார்த்தபோது ஆளைக் காணோம். ஏரிப் பக்கம் ஓடினாள், சாலைப் பக்கம் ஓடினாள். கடைசியில் கொழுந்தன்தான் வேலி இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு, "அண்ணி, அண்ணன் வேலைக்குச் சேர்ந்துட்டாரு" என்றான்.

ஓட்டலின் வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்றிருந்தார். தன் மேசை. அதன் இழுப்பறை நேராக இழுத்தால் வராது. கொஞ்சம் தூக்கி, இடப்பக்கம் தள்ளி இழுக்க வேண்டும். அப்படி இழுத்து, உள்ளே இருந்த சாவிகளை ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தார். எதிரே விருந்தாளிகள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவரிடமும், படகில் மூன்று பேருக்கு மேல் ஏறக் கூடாது, இடி இடித்தால் மரத்தடியில் நிற்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஓட்டலில் படகும் இல்லை, மரமும் இல்லை. ஆனால் எல்லோரும் பயபக்தியாகத் தலையாட்டினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள்.

பல மாதங்களாக அந்த முதுகு அவ்வளவு நிமிர்ந்து அவள் பார்த்ததில்லை.

மேலாளர் முதலில் காவலாளியைக் கூப்பிடத்தான் போனை எடுத்தார். விருந்தாளிகளின் முகத்தைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டார். மாலையில் ஆலோசகரும் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க முகாம்ல எங்க தீமுக்குப் பொருந்தறது இவர் ஒருத்தர்தான்ம்மா."

"வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்று அவள் கையைப் பிடித்தாள்.

"வேலை நேரத்துல எங்க கூப்பிடற?" என்று உதறினார்.

அன்றிலிருந்து அதுவே வாடிக்கையாயிற்று. காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மாலையில் அவள் போய் இழுத்துக்கொண்டு வருவாள். வேலியைத் தாண்டியதும் அந்த முதுகு மறுபடி வளையும். வீட்டுக்குள் வந்து பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்காருவார், பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல. சாப்பாட்டைக் கொண்டு வந்து வைத்தால், "உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்பார். அந்த 'உங்களுக்கு' அவளை எங்கேயோ போய்க் குத்தும்.

கேப்டனம்மா சும்மா விடுகிற ஆள் இல்லை. நீலத் தார்ப்பாய்களையும் நைலான் கூடாரங்களையும் பிடுங்கிப் போட்டாள். பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொட்டகையில் அடைத்தாள். எங்கெங்கோ விசாரித்து, கைமாறி வந்த பழைய கித்தான் கூடாரங்கள் சிலவற்றை வாங்கி வந்தாள். ஏரியைப் பார்த்து அரைவட்டமாக அடித்தாள்.

"எத்தனை வருஷம் கஷ்டப்பட்டு இதையெல்லாம் ஒழிச்சோம் அண்ணி" என்றான் கொழுந்தன், முளையை அறைந்துகொண்டே. "இப்போ நாம அவங்களைக் காப்பியடிக்கிறோம்."

"வாயை மூடிக்கிட்டு அடி."

மேசையைத் திருப்பித் தரச் சொல்லி ஓட்டலில் போய்க் கேட்டாள். மேலாளர் நிஜமாகவே வருத்தப்பட்டார். மனிதர் கெட்டவர் இல்லை. கோட்டு போட்டிருந்தார், அவ்வளவுதான். "அது இப்போ ஓட்டலோட பாரம்பரியச் சொத்தும்மா. நகர்த்த முடியாது. ஆனா அச்சு அசலா ஒண்ணு செஞ்சு கொடுக்கறோம்."

செய்தும் கொடுத்தார்கள். அவள் புருஷன் செய்த மேசையின் போலியை அவளுக்கே பரிசாக அனுப்பி, கூடவே பூங்கொத்தும் வைத்திருந்தார்கள். கறை, கீறல், படகுப் பலகையின் வெடிப்பு எல்லாம் அப்படியே இருந்தன. அவள் அதை முகாம் வாசலில் போட்டு, கேப்டனைக் கூட்டிக்கொண்டு வந்து அதன் பின்னால் நிறுத்தினாள்.

கேப்டன் மேசையைத் தடவிப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. இழுப்பறையில் கைவைத்து, கொஞ்சம் தூக்கி, இடப்பக்கம் தள்ளி இழுத்தார். வழவழவென்று ஓடுகிற புது இழுப்பறை ஒரேயடியாகக் கழன்று வந்து அவர் காலில் விழுந்தது.

குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளிடம், ஒரு கடைக்காரருக்கு மனம் நோகக் கூடாதே என்பதுபோலச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது எங்களோடது இல்லீங்க."

அதற்கு மேல் அவள் தடுக்கவில்லை. காலையில் அவளே கூட்டிக்கொண்டு போய் விட்டாள். மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டு, காலர் பித்தானைச் சரிசெய்து, "மத்தியானம் மறக்காம சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். தன் புருஷனை வேறொருவர் வீட்டில் நன்றாக வாழ விட்டுவிட்டு வருகிறவளைப் போல, ஓட்டல் வாசலில் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பொய் இடமாக இருந்தால் என்ன, அங்கே அவர் நிமிர்ந்து நிற்கிறாரே. அது போதும் என்று நினைக்கப் பழகிக்கொண்டாள்.

அதுவும் நிலைக்கவில்லை. ஓட்டலைப் பற்றி விருந்தாளிகள் இணையத்தில் குறை எழுத ஆரம்பித்தார்கள். 'எல்லாம் அருமை. ஆனால் ஏதோ கூடாரத்தில் தங்கியது போலவே இருக்கிறது' என்று ஒருவர் எழுதினார். அதைப் பலர் ஆமோதித்தார்கள். நிர்வாகம் கூடிப் பேசியது. ஆலோசகர் மப்ளரை மாற்றிக்கொண்டு வந்தார்.

"வாடிக்கையாளர்களோட ஆன்மா இப்போ குளிர்ச்சியைத் தேடுதும்மா" என்று கேப்டனம்மாவிடம் விளக்கினார். "புது தீம், பனிப்பிரதேசம். எல்லாமே வெள்ளை."

"இவரு?"

ஆலோசகர் கேப்டனை ஏற இறங்கப் பார்த்தார். அந்த வெயில் காய்ந்த முகத்தைப் பனியில் எங்கே வைப்பது என்று ஒரு கணம் உண்மையாகவே யோசித்ததாகத் தெரிந்தது. "கஷ்டம்மா" என்றார்.

அன்று மாலை அவள் போனபோது கித்தான்களையெல்லாம் கிழித்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். முற்றத்து நெருப்பை யாரோ பிளக்கைப் பிடுங்கி அணைத்திருந்தார்கள்; ஆரஞ்சுத் துணி தொங்கிக் கிடந்தது. பாரம்பரியச் சொத்தான மேசை துண்டு துண்டாக லாரியில் ஏறியிருந்தது. கேப்டன் அதைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள், அவர் அந்தப் பக்கம் திரும்பாதபடி நடுவில் போய் நின்றுகொண்டாள்.

வெறும் கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே கேப்டன் நின்றிருந்தார். போவதற்கு இடம் இல்லாத ஆள் எப்படி நிற்பாரோ அப்படி. அவளைப் பார்த்ததும் கேட்டார்:

"எல்லாம் பிரிச்சுட்டாங்களே. சீசன் முடிஞ்சுதா?"

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆமாங்க. முடிஞ்சுது."

கூடவே வந்தார். வேலியைத் தாண்டியதும் நின்றார். எதிரே அரைவட்டமாகக் கித்தான் கூடாரங்கள், வாசல்களில் காயும் செருப்புகள்.

"இங்க மட்டும் ஏன் இன்னும் பிரிக்கல?" என்றார், கொஞ்சம் அதட்டலாகவே. "மழை வந்தா கித்தான் வீணாப் போயிடும்." முதுகு நிமிர்ந்திருந்தது.

கேப்டனம்மா ஒரு நொடி அவரைப் பார்த்தாள். பிறகு கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

"நாளைக்குக் காலையில எல்லாரையும் கிளம்பச் சொல்லிடு."

"என்ன அண்ணி சொல்றீங்க? வெள்ளிக்கிழமைக்குக் கூட்டம் வருது. அத்தனையும் புக்காயிருக்கு."

"வரவேண்டாம்னு சொல்லு."

"அடுத்த வாரம்?"

"அதுவும்தான். சீசன் முடிஞ்சுதுன்னு சொல்லு."

ஏதோ ஏடாகூடமாகச் சொல்ல வாயெடுத்தவன், அண்ணனின் முதுகைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போனான்.

மறுநாள் வெயில் ஏறியதும் ஆரம்பித்தார்கள். கித்தானை மடிப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. இந்த முனையை ஒருவர், அந்த முனையை ஒருவர் பிடித்து, விறைப்பாக இழுத்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். அவர் கைகளுக்கு எதுவும் மறந்திருக்கவில்லை. வந்து முனையைக் கொடுத்துவிட்டு, குனிந்து மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் நடப்பார், அவளும் நடப்பாள். மறுபடி எதிரெதிரே வருவார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளை பெயின்ட் அடிக்கிற வாடை வந்துகொண்டிருந்தது.

நாலைந்து முறை முனை சேர்ந்த பிறகு அவர் அவளைக் கவனமாகப் பார்த்தார்.

"நல்லா மடிக்கிறீங்க" என்றார். "புது ஆளுங்க சுருட்டி வச்சிடுவாங்க. எங்க கத்துக்கிட்டீங்க?"

"இங்கதான்."

"என் வீட்டுக்காரிகிட்ட சொல்றேன். அடுத்த சீசனுக்கு உங்களை வேலைக்கு வச்சுக்கச் சொல்லி." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவ கொஞ்சம் கறார். ஆனா நான் சொன்னா கேப்பா."

"கேட்டுப் பாருங்க" என்றாள் அவள்.

அவர் அடுத்த கூடாரத்தின் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார். அவள் மறுமுனைக்குப் போய்க் காத்து நின்றாள்.