எண்ணாமல் விட்ட கைகள்

எங்கள் கூட்டத்தில் கை எண்ணுகிற வேலை என்னுடையது. கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, வரிசை வரிசையாக நடந்து, தூக்கிய கைகளைத் தொட்டுத் தொட்டு எண்ண வேண்டும். உட்கார்ந்திருப்பவர்களும் கண்ணை மூடிக்கொள்வார்கள். யார் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியக் கூடாது. மலையில் இருந்த காலத்தில் கண்ணைத் திறந்துகொண்டு கை தூக்கப்போய், இரண்டு சகலைகள் வருஷக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். அதற்கப்புறம் வந்த ஏற்பாடு இது. நான் தையல்காரி. வாய் நீளம், 'சைரன்' என்றே பட்டப்பெயர். ஆனால் கணக்கில் சுத்தம் என்று இந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

மலை சரிந்தபோது எங்களில் பாதிப் பேர் மண்ணுக்கடியில் போய்விட்டார்கள். தோண்ட முடியாது என்று சொல்லி வேலி போட்டுவிட்டு, மிச்சம் இருந்தவர்களை இந்த நகரத்துக்குக் கொண்டுவந்து, மூடிப்போன நூல் ஆலையின் கிடங்கில் இறக்கினார்கள். தார்ப்பாயால் தடுத்துத் தடுத்து வீடு. என் தடுப்பில் பாதி இடம் தையல் மிஷினுக்கு, பாதி எனக்கு. அடுத்த தடுப்பில் என் தம்பி மனைவியும் அவள் மகளும். தம்பி மனைவியைச் சின்னவள் என்போம். தம்பி மர அறுவைப் பட்டறையில் வேலை பார்த்தவன். ஆள்காட்டி விரலில் பாதியை ரம்பத்துக்குக் கொடுத்தவன். அன்றைக்கு எங்களை வண்டியில் ஏற்றிவிட்டு, நடக்க முடியாத பக்கத்து வீட்டுக்காரரைத் தூக்கி வருகிறேன் என்று திரும்பி ஓடினான். போனவன் போனவன்தான்.

காகிதத்தில் நாங்கள் இன்னும் மலைக்காரர்கள். தேர்தல் வந்தால் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், வேலிக்குப் பக்கத்துக் கொட்டகையில் ஓட்டுப் போட வைத்துத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். ஆளில்லாத ஊருக்கு ஒரு உறுப்பினர். அந்த மனிதர் முகம் கறுப்பா சிவப்பா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. இங்கே சாக்கடை வீட்டுக்குள் வருகிறது என்று வார்டு அலுவலகத்தில் போய்க் கரடியாகக் கத்தினால், நீங்கள் இந்த வார்டு இல்லையே என்று வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அந்தச் சாக்கடையால்தான் சின்னவளின் மகள் காய்ச்சலில் விழுந்து, பிழைப்பாளா மாட்டாளா என்று கிடந்தாள். அவள் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு சின்னவள் ஒரே பிடியாக நின்றாள். எங்கள் ஓட்டு இந்த வார்டுக்கு மாற வேண்டும், வருகிற தேர்தலில் அவளே நிற்க வேண்டும். எனக்கும் அதுதான் ஆசை. அலுவலகத்தில் போய் நிமிர்ந்து நின்று பேச எங்களில் அவளை விட்டால் ஆளில்லை.

ஆனால் ஒருவர் இருவராக மாற்ற முடியாதாம். மொத்தக் குடியிருப்பும் கூட்டம் போட்டு ஒரே முடிவாகச் சொல்ல வேண்டுமாம். கூட்டம் போட்டோம். ஒரு தடவை அல்ல, பல தடவை. எங்கள் தலைவர் லாரி மாமா மைக்கில் கேட்பார். முதலில், மலையிலேயே இருக்கட்டும் என்பவர்கள். அடுத்தது, இங்கே மாற்றலாம் என்பவர்கள். ஒவ்வொரு தடவையும் மலைதான் ஜெயித்தது. கூட்டம் கலைந்ததும் ஒவ்வொருத்தராக என் மிஷினிடம் வந்து, நான் இங்கே மாற்றத்தான் தூக்கினேன், எந்தப் பாவி அந்தப் பக்கம் தூக்கினான் என்று காதில் ஓதுவார்கள்.

எனக்குத் தெரியும், ஆனால் வாயைத் திறக்கவில்லை. முதல் கேள்விக்கு நான் தொட்ட கைகளில் பெரும்பாலானவை ஜில்லென்று இருந்தன. ஈரமாக இருந்தன. நகத்துக்கடியில் மண் நெருடியது. கதவோரம் போகப் போக அந்தக் கைகள் நெருக்கமாகிக்கொண்டே போகும். இரண்டாவது கேள்விக்கு அவற்றில் ஒன்றுகூட இருக்காது. கண்கட்டை அவிழ்த்துப் பார்த்தால் கதவோரம் வெறும் தரை. இருந்தாலும் எண்ணினேன். தூக்கிய கையை எண்ணாமல் விடக் கூடாது என்பதுதானே எங்கள் சட்டம்? அது சூடான கையா குளிர்ந்த கையா என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லையே.

சின்னவள் லேசுப்பட்டவள் இல்லை. இரண்டு பக்கத்துக் கணக்கையும் கூட்டிப் பார்த்துவிட்டு என் மிஷின் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணி, இருக்கிற ஆளைவிட கை அதிகமா வருது. எங்கேருந்து வருது?"

நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

"நான் மேல வந்துடக் கூடாதுன்னு உங்களுக்கு எண்ணம். இல்லேன்னு சொல்லுங்க பாப்போம்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். இவளிடம் என்னவென்று சொல்வது? செத்தவர்கள் வந்து ஓட்டுப் போடுகிறார்கள் என்றா? மிஷினை மிதிக்கத் தொடங்கினேன். அன்றிலிருந்து இரண்டு தடுப்புக்கும் நடுவில் பேச்சு நின்றது.

அடுத்த கூட்டத்தில், கதவுக்குப் பக்கத்தில் ஒரு கையைத் தொட்டேன். ஆள்காட்டி விரலில் பாதி இல்லை.

அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டேன். ஐஸ் மாதிரி குளிர்ந்தது. சுற்றிலும் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு சாவு வீட்டு அமைதியில் உட்கார்ந்திருந்தார்கள். குனிந்து, அவன் காது இருக்கும் என்று நினைத்த இடத்தில் சொன்னேன்.

"விட்டுடுடா. அவ இங்க பொழைக்கணும். உன் பொண்ணு பொழைக்கணும். அங்க என்னடா இருக்கு?"

கை இறங்கவில்லை. எண்ணிக்கொண்டு நகர்ந்தேன். அந்தத் தடவையும் மலைதான் ஜெயித்தது. பாவி, உயிரோடு இருந்தபோதும் ஒரு விஷயத்துக்கு உடனே சரி என்று சொன்னவன் இல்லை.

பட்டியலில் பெயர் சேர்க்கிற கெடு முடியப்போகிறது, இதுதான் கடைசிக் கூட்டம் என்று லாரி மாமா அறிவித்தார். இதில் தோற்றால் அடுத்த தேர்தல்வரை சாக்கடைதான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. கூட்டம் தொடங்குமுன் கை எண்ணுகிறவர் வாசலில் நின்று, இருக்கிறவர்கள் எல்லாரும் வாருங்கள் என்று மூன்று தடவை உரக்கக் கூப்பிட வேண்டும். மலையில் சரிவுக்குச் சரிவு வீடு, அதனால் கூப்பிட்டோம். இங்கே எல்லாரும் ஒரே கூரைக்கடியில். இருந்தும் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிரே டீக்கடைக்காரர்கூட, என் கடையைத் தவிர இந்தப் பக்கம் ஒன்றுமில்லையே, யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று கிண்டல் செய்வார். கூப்பிட்டு முடிக்கும்போது என் இரண்டு பக்கமும் குளிர்ந்த காற்று உரசிக்கொண்டு உள்ளே போகும். தெருக்காற்று என்று நினைத்திருந்தேன். மடச்சி.

உள்ளே வந்த கையை எண்ணாமல் விட எனக்கு மனசு வராது. ஆனால் கூப்பிடாமல் இருக்கலாமே.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நல்ல வெயில். தகரக் கூரை தகித்தது. எல்லாரும் உட்கார்ந்தார்கள். நான் வாசலுக்குப் போனேன். ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். ஏன் என்று லாரி மாமா கேட்டதற்கு, தூசி என்றேன். கண்ணைக் கட்டிக்கொண்டேன்.

முதல் கேள்வி. மலையிலேயே இருக்கட்டும் என்பவர்கள்? நடந்தேன். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கைகள், எல்லாம் வியர்த்த, சூடான கைகள். கதவோரம் வெறும் காற்றைத்தான் தடவினேன்.

இரண்டாவது கேள்வியை லாரி மாமா மைக்கில் கேட்டு வாய் மூடவில்லை, கதவு தட்டும் சத்தம் கேட்டது. உடைக்கிற தட்டல் இல்லை. வேலை முடிந்து வருகிறவன் வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி, பொறுமையாக, விடாமல். யாரோ ஒரு குழந்தை சிணுங்கியது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எனக்குக் கால் கதவுப் பக்கம் போயே விட்டது. தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

"அண்ணி." சின்னவளின் குரல், எனக்குப் பின்னால் வெகு பக்கத்தில். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது. "எனக்கும் கேக்குது. அவர் தட்டுறது எனக்குத் தெரியாதா? நீங்க எண்ணுங்க."

எண்ணினேன். தட்டத் தட்ட எண்ணினேன். கடைசியாக அவள் கை. அதையும் சேர்த்துச் சொல்லி முடித்தேன். இங்கே மாற்றலாம் என்பது ஜெயித்துவிட்டது. தட்டலும் நின்றது.

கைதட்டினார்கள், அழுதார்கள். லாரி மாமா சின்னவளின் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார். ஆனால் கதவைத் திறக்க மட்டும் ஒருத்தரும் முன்வரவில்லை. நானும் அவளும்தான் போய்த் திறந்தோம். தெருவில் வெயிலைத் தவிர ஒன்றுமில்லை. வாசல் முழுக்க ஈர மண்.

டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரைத் துடைத்துக்கொண்டே கோபமாக எங்களைப் பார்த்தார். நான் கூப்பிட்டு உள்ளே வந்தவர்களை அவர் கண் ஒரு நாளும் பார்த்ததில்லை. வெளியே நிற்க வைத்தவர்களைப் பார்த்துவிட்டார்.

"ஏக்கா, உங்க ஆளுங்கதானே அவங்கல்லாம்? லேட்டா வந்தா உள்ள விட மாட்டீங்களா? மேலெல்லாம் சேத்தோட, பாவம், எவ்வளவு நேரம் நின்னாங்க."

சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டேன்.

"மொதல்ல மைக்ல ஏதோ கேட்டாங்களே, அப்ப சும்மாதான் நின்னாங்க. ரெண்டாவதா இங்க மாத்தறதப் பத்திக் கேட்டதும் அத்தனை பேரும் கையத் தூக்கிட்டாங்க. எண்ணுறதுக்குத்தான் ஆளில்ல." டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "கதவுகிட்ட நின்னவரு ஒரு கையத் தூக்கிக்கிட்டே இன்னொரு கையால தட்டிட்டே இருந்தாரு. தெறந்திருக்கலாமில்ல?"

சின்னவள் அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.