ஹேவ்லாக் போய் வந்ததாகச் சொன்னது

தேவேந்திரன் வாரத்தில் ஆறு நாள் படகு எஞ்சின் பட்டறையில் கிரீஸும் கரியுமாகக் கிடப்பான். ஞாயிறு வந்தால் மனைவி சுதாவையும் ஒன்பது வயது மகள் சித்ராவையும் கூட்டிக்கொண்டு குடியிருக்கும் ஜங்லிகாட்டிலிருந்து நடந்தே மரைன் ஹில் ஏறுவான். அங்கே ஒரு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தால் கீழே துறைமுகம் தெரியும். கப்பலிலிருந்து இறங்குகிறவர்கள் என்ன பேசிக்கொள்வார்கள் என்று அவன் குரல் மாற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பான். கோழிக்கூடையோடு இறங்கும் பெரியவர் கோழியிடமே வழி கேட்பார். பெட்டி தூக்கி வரும் மாப்பிள்ளை, மாமியாரைக் கண்டதும் கப்பலுக்கே திரும்பிவிடலாமா என்று யோசிப்பார். சித்ரா வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். சுதா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

கச்சால் தீவில் அவர்களுடைய ரப்பர் தோட்டத்துக் குடியிருப்பைச் சுனாமி கொண்டுபோன பிறகு, முகாமின் தகரக் கொட்டகையில் இருந்தபோது வந்த பழக்கம் அது. அப்போது அழுகிற குழந்தைக்கு வேடிக்கை காட்ட வேறொன்றும் இல்லை.

சுதா ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். ஒரு திங்கட்கிழமை பக்கத்து மேசை ஸ்வேதா, தான் ஹேவ்லாக் தீவுக்குச் சுற்றுலா போய்வந்த படங்களைச் செல்போனில் காட்டிவிட்டு, நீங்கள் எங்கே போனீர்கள் என்று கேட்டாள். சுவரில் உட்கார்ந்திருந்தோம் என்று சொல்ல சுதாவுக்கு வாய் வரவில்லை. "நாங்களும் போன மாசம் ஹேவ்லாக்தான் போனோம்" என்றாள். எந்த விடுதி என்று ஸ்வேதா கேட்பதற்குள் போன் மணி அடித்ததால் தப்பித்தாள்.

தப்பித்தது இரண்டு வாரம்தான். தம்பி கல்யாணத்துக்கு அழைக்க வீடு தேடி வந்த ஸ்வேதா, பத்திரிகையை நீட்டிவிட்டு, தன் இந்தி கலந்த தமிழில் தேவேந்திரனையே அண்ணன் என்று அழைத்துக் கேட்டாள்.

"பையா, ஹேவ்லாக்ல எங்க தங்கினீங்க? மம்மி டாடிய அனுப்பணும். ரூம் எல்லாம் டீக்கா, நல்லா இருந்துச்சா?"

தேவேந்திரன் சுதாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தான். சித்ரா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மகளின் தலைமேல் கையை வைத்தபடியே, "ரூம் சுமார்தாம்மா. பேரு மறந்துபோச்சு. கடல் நல்லா இருந்துச்சு" என்றான். பட்டறையில் ஒரு போல்ட்டுக்குக்கூடப் பொய் சொல்லாதவன். சுதா காபி போடுவதாகச் சொல்லி உள்ளே போய், அடுப்பைப் பற்றவைக்காமலே நின்றாள்.

ஸ்வேதா போன பிறகு அவன் எதையும் கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அடுத்த சனிக்கிழமை சாப்பிட்டு முடித்ததும், அடுத்த மாதம் ஹேவ்லாக் போக மூன்று கப்பல் டிக்கெட் எடுத்திருப்பதாகச் சொன்னான். அதற்காக அந்த வாரம் முழுக்கக் கூடுதல் வேலை பார்த்திருக்கிறான்.

"உனக்கு ஆச இருந்திருக்கு. எனக்குத்தான் தெரியாமப் போச்சு" என்றான்.

சித்ரா தட்டைக் கழுவ எடுத்தவள் நின்றாள். "அம்மா, நாம சுவருக்குப் போறத இனிமே யார்கிட்டயும் சொல்லக்கூடாதா?"

சுதாவுக்குக் காது மடல் வரை எரிந்தது. ஒளித்து வைக்க வேண்டிய காரியம் போல அதைக் குழந்தைக்குக் காட்டிவிட்டது தான்தான். அப்படியெல்லாம் இல்லை என்றும், தனக்கு ஹேவ்லாக் ஆசை எதுவும் இல்லை என்றும், அந்தச் சுவரில் சிரித்த மாதிரி தான் வேறெங்கும் சிரித்ததில்லை என்றும் தட்டுத்தடுமாறிச் சொன்னாள்.

"அப்ப என்னை நெனச்சு வெக்கப்பட்டியா?" என்று தேவேந்திரன் கேட்டான்.

இல்லை என்று சொல்லிவிடலாம். இன்னொரு பொய் சொல்ல அவளால் முடியவில்லை. "ஆமாங்க" என்றாள்.

அவன் கையைக் கழுவிவிட்டு வாசலுக்குப் போனான். மறுநாள் ஞாயிறு, யாரும் எங்கும் போகவில்லை.

திங்கட்கிழமை சுதா ஸ்வேதாவின் மேசை முன் போய் நின்று உண்மையைச் சொன்னாள். ஸ்வேதா நெடுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அச்சா. அப்ப பையாவும் எங்கிட்ட பொய் சொன்னாரா?"

"அவர் சொன்னது எனக்காக."

ஸ்வேதா, கல்யாணத்துக்கு வந்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லிக் குனிந்துகொண்டாள். அன்று முழுக்க சுதா அடித்த கடிதங்களில் பிழை மேல் பிழை.

மாலையில் தேவேந்திரனிடம், ஸ்வேதாவிடம் சொல்லிவிட்டதைச் சொன்னாள். அவன் நகத்திலிருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டே கேட்டான்.

"டிக்கெட்டத் திருப்பிக் குடுத்துரவா?"

"குடுத்துருங்க."

சரியென்று தலையசைத்தான். சுதா நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்க நினைத்தாள். அன்றைக்கு அவளால் அது முடியவில்லை.