மணி அடித்தால்தான் கதவு

ஞாயிற்றுக்கிழமை மதியம் பெரியவன் வருகிறான், சாப்பிட்டுவிட்டு அப்பாவைக் கையோடு அழைத்துப்போகப் போகிறான் என்று தகவல் வந்ததிலிருந்து சின்ன மருமகளுக்கு வேலையில் புத்தி நிற்கவில்லை. மருந்துக் கம்பெனியில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்குகிற வேலை அவளுக்கு. அன்று இருமல் பெட்டிக்குள் பேதி மாத்திரை போய்விட்டது. சூப்பர்வைசர் கண்ணில் பட்டுத் திரும்பி வந்ததால், இருமிக்கொண்டிருந்த யாரோ தப்பித்தார்கள்.

மாமனார் போனால் என்ன ஆகும் என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. ஷிஃப்ட் முடிந்து நாலு மாடி ஏறி வந்து அவளே சமைக்க வேண்டும். அவள் புருஷன் பம்ப் மெக்கானிக். ஓவனை அவனிடம் ஒப்படைத்தால் முதல் காரியமாகப் பிரித்துப் போட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பான். மகளோ, தான் சாப்பிடுவதே வீட்டுக்குச் செய்கிற உபகாரம் என்று நினைக்கிற வயதில் இருந்தாள். இதற்கெல்லாம் மேலே வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. அதை உட்கார்ந்து யோசிக்க அவளுக்கு நேரமில்லை.

சிலிண்டர் வைக்கக் கூடாது என்பது வீட்டு ஓனர் போட்ட நிபந்தனை. அதனால் மேஜைமேல் ஒரு சின்ன மின்சார ஓவன்; அதுதான் சமையலறை. கண்ணாடிக் கதவு, உள்ளே மேல்தட்டு, கீழ்த்தட்டு, சூட்டுக்கு ஒரு திருகு, நேரத்துக்கு ஒரு திருகு. நேரம் முடிந்தால் டிங் என்று மணி அடிக்கும். வாங்கின புதிதில் அவள் ஒவ்வொரு பண்டத்துக்கும் தனித்தனியாகச் சூடேற்றினாள். வந்த கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு, நம் ஒயரிலிருந்து யாராவது தொழிற்சாலை நடத்துகிறார்களா என்று புருஷன் எல்லா மாடியிலும் விசாரித்துவிட்டு வந்தான்.

அந்த நேரத்தில்தான் மாமனார், கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்து சேர்ந்தார். அவர் ஓய்வுபெற்ற லிஃப்ட் ஆபரேட்டர். காலமெல்லாம் ஊரையே ஏற்றி இறக்கிய மனிதர் கடைசியில் வந்து சேர்ந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாவது மாடி. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல மூச்சும் இல்லை. உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, ஓவனைப் பார்த்தார். கதவு இருந்தது, மணி இருந்தது, ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டுகள் இருந்தன. மறுநாள் காலை பொறுப்பை ஏற்றுக்கொண்டார். யாரும் கொடுக்கவில்லை.

மணி அடிக்காமல் கதவு திறக்கக் கூடாது என்றார். காலியாக ஒரு டிரிப்பும் போகக் கூடாது என்றார். முதல் டிரிப்பில் கீழ்த்தட்டில் மூடி போட்ட டப்பாவில் அரிசியும் வெந்நீரும், மேல்தட்டில் உருளைக்கிழங்கு, காரட், வெங்காயம், இடுக்கில் முட்டை. மணி அடித்தால் காய்கறி இறங்கிக்கொள்ளும், பழைய ரொட்டி ஏறிக்கொள்ளும். இரண்டாவது மணிக்குச் சோறும் ரொட்டியும் இறங்கும். சூட்டை அணைத்துவிட்டு, மிச்சச் சூட்டில் பேத்திக்கு ஒரு டம்ளர் பால். மூன்றாவது மணிக்குப் பால் இறங்கியதும், மழைக்காலமானால், பேத்தியின் பள்ளிக்கூட சாக்ஸ்.

பில் பாதியாகக் குறைந்தது. சாக்ஸ் விஷயத்தில் மட்டும் அவள் முணுமுணுத்தாள்.

“துவைச்ச சாக்ஸ்தானேம்மா,” என்றார் அவர். “பேங்க் மேனேஜர் போன லிஃப்ட்ல நான் குப்பைக்கூடையும் ஏத்தியிருக்கேன். தனி டிரிப்பா போனா ஒரு தப்பும் இல்ல.”

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலை, இன்றைக்கு மட்டும் சாக்ஸ் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். சரி என்று தலையாட்டி, அரிசியையும் காய்களையும் ஏற்றி, நேரத்தைத் திருகிவிட்டு, உப்பு வாங்கக் கீழே போனார்.

அந்த நேரம் பார்த்துப் பெரியவன் வந்தான். குழாய், கக்கூஸ் பேசின் விற்கிற கடைக்காரன். உரக்கப் பேசியே பழக்கம். மழையில் தொப்பலாக நனைந்திருந்தான். ஷூவை வாசலில் கழற்றிவிட்டு, ஈர சாக்ஸோடு தரையில் தடம் பதித்துக்கொண்டே உள்ளே வந்தான். கையில் ஒரு பெரிய பை, காலியாக. அது யார் துணிக்கு என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“இதுலயா நாலு பேருக்கு ஆக்கறீங்க?” என்று ஓவனைத் திறந்தான். ஆவி அடித்து மூக்குக்கண்ணாடி மறைத்தது. துடைத்துக்கொண்டு, முதல் தடவை ஒன்றும் தெரியாததால் மறுபடியும் திறந்தான். தன் வீட்டு கேஸ் அடுப்பில் நாலு பர்னர் என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது தடவையும் திறந்தான். பெரியவனை எதிர்த்துப் பேசி அந்தக் குடும்பத்தில் யாருக்கும் வழக்கமில்லை. அவள் புருஷன் கூரையில் எங்காவது ஒழுகுகிறதா என்று ஆராய்ந்துகொண்டிருந்தான்.

மாமனார் உப்போடு வந்ததும் மணி அடித்தது. திறந்து, ஒரு கிழங்கை முள்கரண்டியால் குத்தினார். கரண்டிதான் வளைந்தது. டப்பாவில் அரிசி, தண்ணீரில் சாவகாசமாக மிதந்துகொண்டிருந்தது.

“யாரோ நடு மாடியில கதவைத் தொறந்திருக்காங்க,” என்றார்.

 அவர் மறுபடியும் திருகிவிட்டு வந்து உட்கார்ந்தார். பெரியவனுக்கு இது போதுமானதாக இருந்தது. வேகாத சோற்றைத் தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளத்தான் இங்கே இருக்கிறீர்களா, வயசான காலத்தில் உங்களைச் சமைக்க வைத்திருக்கிறார்களே, நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று ஆரம்பித்தான். இரண்டாவது மணி அடித்தது. காய்கள் இறங்கின, சோறு மட்டும் இன்னும் நேரம் வேண்டும் என்றது. சூட்டைக் குறைத்துத் திருகிவிட்டு அவர் வந்து உட்காரும்வரை பொறுத்திருந்து, அவன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

“அங்க சமைக்க ஆள் இருக்கு, தனி ரூம் இருக்கு. உங்களுக்கு அங்க என்னப்பா கொறச்சல்?”

“கொறச்சல் ஒண்ணும் இல்லடா. வேலைதான் இல்ல.”

“இது ஒரு வேலையா?”

அதற்கு அவர் பதில் சொல்லத் தொடங்கியபோது மூன்றாவது மணி அடித்தது. முகம் மகன் பக்கமே இருந்தது, வாய் பேசிக்கொண்டே இருந்தது, கால் மட்டும் எழுந்து போனது. டப்பாவின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். மிச்சச் சூட்டிலேயே பதமாகிவிடும் என்று சூட்டை அணைத்தார். மேல்தட்டு காலியாக இருந்தது. கை தானாகச் சுவர் ஆணிக்குப் போனது. பேத்தியின் ஈர சாக்ஸ் இரண்டும் மேல்தட்டில் ஏறின. கதவைச் சாத்தி நேரத்தைத் திருகிவிட்டு, பேச்சை விடாமலே திரும்பி வந்து உட்கார்ந்தார்.

பெரியவன் கவனிக்கவில்லை. மருமகள் கவனித்தாள். 

மணி அடிக்கிறவரை சமாளித்தால் சாக்ஸைச் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம் என்று அவள் தட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பெரியவனுக்குப் பசி. எழுந்து ஓவன் பக்கம் போய்க் கதவில் கை வைத்தான்.

“அத்தான், மணி அடிக்கட்டும்,” என்று அவனைத் தடுத்தாள் மருமகள்.

அவள் புருஷன் கூரையிலிருந்து கண்ணை எடுத்தான்.

“ஒரு செகண்டு பாக்கறேம்மா,” என்றான் பெரியவன்.

“மூணு தடவை பாத்துட்டீங்க அத்தான். அதனாலதான் வேகல.”

 பெரியவனை இப்படி யாரும் கணக்குக் கேட்டதில்லை. எதுவும் கெட்டுப்போகாது என்று நிரூபிப்பவன்போல் அவன் கதவைத் திறந்தான்.

கீழே சோற்று டப்பா. மேலே இரண்டு சின்ன வெள்ளை சாக்ஸ், அடுத்தடுத்து, மாடிக்குப் போகக் காத்திருக்கிற பிள்ளைகள் மாதிரி.

மாமனார் பார்த்தார். பிறகு சுவரோரம் கிடந்த காலிப் பையைப் பார்த்தார். எழுந்து நின்று சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார். புகார் வந்தால் அந்தக் காலத்தில் அப்படித்தான் நிற்பார் போலிருக்கிறது.

“ஆபரேட்டர் தப்பு,” என்றார். “பேசிக்கிட்டே வேலை பாத்துட்டேன்.”

பெரியவன் ஒரு சாக்ஸை விரலால் தொட்டான். இன்னொரு தடவை தொட்டான். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தான். வந்ததிலிருந்து ஊறிக்கிடந்த கால். ஒற்றைக் காலில் நின்று சாக்ஸை உரித்தான், மற்றதையும் உரித்தான்.

“அப்பா, இதுக்கு இடம் இருக்குமா?”

மாமனார் மருமகளைப் பார்த்தார். அவள் அவன் கையிலிருந்து சாக்ஸை வாங்கி, குழாயில் சோப்புப் போட்டு அலசி, முறுக்கிப் பிழிந்தாள்.

“மொதல்ல சோறு எறங்கட்டும்,” என்று பேத்தியின் சாக்ஸை எடுத்து ஆணியில் மாட்டினார் மாமனார். “பெரியவங்க சாக்ஸ் தனி டிரிப்.”

சோறு பதமாகவே இருந்தது. பெரியவன் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அடுத்த டிரிப்புக்கு மாமனார் கொஞ்சம் சூடு வைத்தார். விருந்தாளிக்காக அந்த வீட்டில் செய்த ஒரே ஊதாரிச் செலவு அதுதான். சாக்ஸ் உள்ளே மாட்டிக்கொண்டதால் பெரியவனால் எங்கேயும் கிளம்ப முடியவில்லை. ஓவன் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கண்ணாடியையே பார்த்தபடி வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தான். ஒருமுறை கை கதவுப் பக்கம் போனது. தானே இழுத்துக்கொண்டான்.

மணி அடித்தது. மாமனார் எழுந்திருக்கவில்லை.

“இப்ப தொறடா,” என்றார்.

பெரியவன் சூடான சாக்ஸை மாட்டிக்கொண்டு கால்விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தான். எழுந்து பையை எடுத்தபோது மருமகள் மாமனாரின் துணி இருந்த மூலையைப் பார்த்தாள். அவன் அவளிடம்தான் பேசினான்.

“அப்பாவோட ஸ்வெட்டர், போர்வை எல்லாம் அங்க கெடக்கும்மா. இதுல போட்டு அனுப்பறேன். மழைக்காலமாச்சே.”

“சரிங்க அத்தான்,” என்றாள். 

அவன் படியிறங்கத் திரும்பினான்.

“டேய், காலியாவா போறே?” என்றார் மாமனார்.

மருமகள் ஓடிப்போய் மிச்சமிருந்த கிழங்குகளை ஒரு டப்பாவில் போட்டு மூடி, பைக்குள் வைத்தாள். பெரியவன் படியிறங்கினான். மாமனார் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்து, ஷூ சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். மூணு என்றார். ரெண்டு என்றார். ஒண்ணு என்றார். சத்தம் தெருவுக்குப் போனதும், “கிரவுண்ட் ஃப்ளோர்,” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, பேத்தியின் சாக்ஸை மறுபடியும் ஏற்றினார்.