நிறைந்தால்தான் கிளம்பும்

...முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டியதுதான், பெண்ணின் படிப்பை நிறுத்தாதே ஸவ்ஸன் என்று, டீ வருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், ஆனால் பாலத்தடியில் நிற்கிற இந்த மைக்ரோபஸ் கிளம்பினால் அல்லவா, கடைசி இருக்கையும் நிறையாமல் டிரைவர் சாவியைத் தொடமாட்டார், கதவில் சாய்ந்து சூரியகாந்தி விதை கொறித்தபடி “வாஹா, வாஹா” என்று கூவுகிறார்... பாலைவன விளிம்பில் அந்த வாஹா குடியிருப்பை வரைந்தவர்களில் நானும் ஒருத்தி. வீடுகளுக்கு மஞ்சள் நிறம், பஸ் பாதைக்குப் புள்ளிக்கோடு. புள்ளிக்கோடு என்றால் எங்கள் நகரத் திட்ட அலுவலகத்தில் ‘அப்புறம்’ என்று அர்த்தம். ஜனங்கள் எப்படிப் போய் வருவார்கள் என்று நான் கேட்காமலில்லை, கேட்டேன், இயக்குநர்தான் சிரித்தார், “கெய்ரோல ஆளு இருக்கற எடத்துக்கு மைக்ரோபஸ் தானா மோப்பம் புடிச்சு வரும்மா, நீ ஏன் கவலப்படற?” எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். வண்டி வந்தது, பொய்யில்லை. ஆனால் இருட்டினால் ஆளில்லை, ஆளில்லாததால் வண்டி கிளம்புவதில்லை, கிளம்பாது என்று தெரிந்ததால் ஆள் வருவதில்லை... இப்போது அரசு பஸ் விடலாமா என்று கூட்டம் போடுகிறோம், தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான். பூலாக்கின் நெரிசல் சந்திலிருந்த தங்கை ஸவ்ஸனை அங்கே வீடு எடுக்கச் சொன்னது யார்? ஜன்னலைத் திறந்தால் காற்று வரும் என்று ஆசை காட்டியது யார்? நான்தானே.

“வாங்க இன்ஜினியரம்மா, ஒங்க காத்து நல்லா வருது,” என்றாள் ஸவ்ஸன், கதவைத் திறந்ததுமே. சிரித்து வைத்தேன். அவள் மகள் ரிஹாம் என்னை உரசிக்கொண்டு உட்கார்ந்தாள், பாவம், நேற்று போனில் அழுதவள், “நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க பெரியம்மா.” நர்சிங் கல்லூரி, மதிய வகுப்பு, முடிந்து வரும்போது இருட்டிவிடுகிறது. சொன்னேன், நன்றாகவே சொன்னேன், வளர்ந்த பெண், பயந்தால் முடியுமா, நானெல்லாம் இந்த ஊரைத் தனியாகச் சுற்றவில்லையா... ஸவ்ஸன் புதினாவைக் கிள்ளி டீயில் போட்டாள். “நான் என்ன படிக்க வேணாம்னா சொல்றேன்? வண்டி நிறையற வரைக்கும் அவ பாலத்தடியில ஆம்பளைங்களோட நிக்கறா, நான் இங்க ஜன்னல்ல நிக்கறேன். ரெண்டு பேருக்குமே முடியலக்கா.” அதற்கும் என்னிடம் பதில் இருந்தது, பஸ் வந்துவிடும், அடுத்த வருஷம், ஒருவேளை அதற்கடுத்த வருஷம், ஒரே ஒரு வருஷம் பொறுத்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன், எதிர்ச் சுவரில் வெயில் செம்மஞ்சளாகியிருந்தது, கீழே பிள்ளைகளை வீட்டுக்குள் கூப்பிடும் குரல்கள், எதற்காக என் கண் ஜன்னலுக்கே போகிறது, டீ கூட முடியவில்லை...

“மக்ரிப் பாங்குக்கு முன்னாடி, இருட்டறதுக்குள்ள கீழ போயிட்டா வண்டி நிறைஞ்சிடும்ல?”

நான்தான் கேட்டிருந்தேன். ஸவ்ஸன் குத்திக்காட்டுவாள் என்று காத்திருந்தேன், காட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும், அவள் டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரிஹாம் எழுந்துபோய் என் கைப்பையை எடுத்துவந்து நீட்டினாள். கோபமாகக்கூட இல்லை அவள் முகம், இந்நேரத்துக்கு யார் கிளம்பினாலும் செய்கிற உபசாரம்போல இருந்தது. அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம், இரவு தங்கியிருக்கலாம், பேச வந்த பேச்சு பாதியில்தானே நிற்கிறது... என் கால்கள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தன.