சமர்ப்பணத்தில் ஒரு சொல்

உருத்திரபுரத்தில் நாவலாசிரியர் ஒருவர்தான். ஒருவரே போதும் என்பது ஊரின் முடிவு. பரமலிங்கம் அண்ணர் எழுதக் குந்தினால் வயலுக்குள் மாடு நிற்பதும் தெரியாது. மாட்டைத் துரத்துவது அவர் மனைவி நாகேஸ்வரி அக்கா. துரத்திவிட்டு வந்து, குசினியில் தேங்காய் துருவியபடி அவர் வாசிப்பதைக் கேட்பார். "அந்தப் பெட்டையை ஏன் சாக்காட்டுறியள்?" என்று கதைப்பார். நாலு நாவல்களில் அக்காவால் உயிர் தப்பியவர்கள் பலர். ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அண்ணரைப் பேசியதில்லை. எங்கள் ஊரில் பேசுவதென்றால் ஏசுவது; சும்மா உரையாடுவதென்றால் கதைப்பது.

ஐந்தாவது நாவலைச் சென்னைப் பதிப்பாளர் ஒருவர் போட்டார். 'எந்நேரமும் என்னோடு கதைத்துக்கொண்டிருந்த நாகேஸ்வரிக்கு' என்று அண்ணர் சமர்ப்பணம் எழுதி அனுப்பினார். அங்கே திருத்திய புண்ணியவான் 'கதைத்து' எல்லாவற்றையும் 'பேசி' ஆக்கினார். 'என்னோடு' மிகை என்று வெட்டியும் விட்டார். புத்தகம் இப்படி வந்தது: 'எந்நேரமும் பேசிக்கொண்டிருந்த நாகேஸ்வரிக்கு.'

அக்கா வாசித்தார்.

"நான் எந்நேரமும் உங்களைப் பேசிக்கொண்டோ இருந்தனான்?"

"இஞ்சாரும், அவையளுக்குப் பேசுறதெண்டா கதைக்கிறதுதான்."

"சென்னையில என்ரை மானம் தப்பீற்றுது. இஞ்சை சனம் என்னெண்டு வாசிக்கும்?"

அன்றோடு வீட்டில் கதை நின்றது. வெளியீட்டு விழாவில் முதல் பிரதி வாங்கவும் வரமாட்டேன் என்றுவிட்டார். அண்ணருக்குச் சோறு இறங்கவில்லை. விழா கிடக்கட்டும், குசினியிலிருந்து ஒரு சத்தம் வராதா என்று ஏங்கிப்போனார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும், அச்சடிக்க முதல் பதிப்பாளர் சரிபார்க்க அனுப்பியதை ஒருதரம் பார்த்திருக்கலாமே மனுசன்!

விழாவன்று வாசிகசாலை நிறைந்துவிட்டது. சமர்ப்பணம் ஊருக்கே மனப்பாடம். பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அண்ணர் விளக்கம் சொல்ல எழும்பியபோது அக்கா உள்ளே வந்தார். நேரே மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

"அச்சடிக்க முதல் அனுப்பினதை வாசிக்கப் பஞ்சியே, அவ்வளவு சோம்பலே உங்களுக்கு? மாடு வயலைத் திண்ட நேரம் வாய் திறந்தனானே? விதைநெல் நனைஞ்ச நேரம் திறந்தனானே?"

இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்ந்ததுபோல் வந்தது. அண்ணர் தலையைக் குனிந்து நின்றார். முகத்தில் மட்டும் இத்தனை நாளில்லாத ஒரு தெளிவு.

மூச்சு வாங்கியதும் அக்கா கையை நீட்டி முதல் பிரதியை வாங்கிக்கொண்டார்.

"இப்ப புத்தகத்தில பிழையில்லை," என்றார். "வாங்கோ, வீட்டை போய்க் கதைப்பம்."